ஏசி(1)-ஐ எடுத்த கதை

தணிக்கைக்காரர்கள் அனுப்பிய எக்செல் தாளில் 43 மாட்யூல்களின் (ஓடத் தயாராக லிங்க் செய்து வைத்த ப்ரோக்ராம்கள்) பெயர்கள் இருந்தன. எல்லாமே எங்கள் மெயின்ஃப்ரேமின் ஏபிஎஃப் லைப்ரரியில் (சிறப்பு அதிகாரத்தோடு ப்ரோக்ராம்கள் ஓட அனுமதி பெற்ற லைப்ரரி) இருப்பவை, எல்லாவற்றிலும் ஏசி=1. பக்கத்தில் "தேவையில்லாதவற்றை 0 ஆக்கவும்" என்று ஒரே வரி. இந்த ஏசி ஆதரைசேஷன் கோட் (அதிகாரக் குறியீடு), மெஷின் ரூமில் ஓடும் ஏசி இல்லை என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதலில் விளக்க வேண்டியிருந்தது.

மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்ஸில் ஒரு ப்ரோக்ராம் ஆதரைஸ்டு நிலையில், அதாவது சிறப்பு அதிகாரத்தோடு, கிளம்ப இரண்டும் வேண்டும்: அது இருக்கும் லைப்ரரி ஏபிஎஃப் பட்டியலில் இருக்க வேண்டும், அதன் டைரக்டரி என்ட்ரியில் ஏசி=1 இருக்க வேண்டும். பலரும் மறந்துவிடுவது இன்னொன்று. ஜாபை விவரிக்கும் ஜேசிஎல்லில் எக்செக் பிஜிஎம் என்று போட்டுக் கூப்பிடும் அந்த முதல் ப்ரோக்ராமுக்குத்தான் ஏசி பார்க்கப்படுகிறது. அது உள்ளே லோட் செய்கிற சப்ரொட்டீன்களுக்கு ஏசி=0 போதும், லைப்ரரி மட்டும் ஏபிஎஃப்பில் இருந்தால் சரி. எங்களிடம் யாரோ ஒரு காலத்தில் மாட்யூலை லிங்க் செய்யும் பைண்டரின் பார்மில் (பாராமீட்டரில்) ஏசி=1 போட்ட ஜேசிஎல்லை வைத்து எல்லாவற்றையும் லிங்க் செய்திருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் அதையே காப்பி அடித்திருக்கிறார்கள். நானும் அடித்திருக்கிறேன்.

இதில் என்ன ஆபத்து? ஒரு சப்ரொட்டீன், தன்னைக் கூப்பிட்டது நம்பிக்கையான ஆள் என்று எண்ணித்தான் ரிஜிஸ்டர் 1-இல் வந்த முகவரியை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதற்கு ஏசி=1 இருந்தால், அந்த லைப்ரரியைத் தொட முடிகிற எவரும் அதை நேரடியாக எக்செக் செய்து, தன் இஷ்டத்துக்கு ஒரு பார்ம் கொடுக்கலாம். பூட்டு நல்ல பூட்டுதான், சாவி வாசலிலேயே தொங்கியது.

திருத்தம் என்னவோ நாலு வரி. இன்க்ளூட், என்ட்ரி, செட்கோட் ஏசி(0), நேம். ஒரு மாட்யூலை டெஸ்ட் லைப்ரரியில் லிங்க் செய்தேன், ஸ்டெப்லிப் (ப்ரோக்ராமை எந்த லைப்ரரியில் தேட வேண்டும் என்று சொல்லும் ஜேசிஎல் வரி) போட்டு நேரடியாக ஓட்டினேன். ஆதரைஸ்டு ப்ரோக்ராம் மட்டுமே கூப்பிடக்கூடிய மோட்செட்டில் எஸ்047 அபெண்ட், அதாவது அதிகாரம் இல்லை என்று பாதியில் நின்றது. வேண்டியதே அதுதான். பெருமையாகப் போய்ச் சொன்னேன்.

எங்கள் சீனியர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ஸ்டெப்லிப் ஏபிஎஃப்பா?" என்றார். இல்லை. ஸ்டெப்லிப்பில் அடுக்கிய லைப்ரரிகளில் ஒன்று ஏபிஎஃப் இல்லாவிட்டாலும் மொத்த அடுக்கும் தகுதி இழந்துவிடும். என்னுடையதில் இருந்ததே அந்த ஒன்றுதான். ஏசி=1 இருந்தாலும் இதே எஸ்047தான் வந்திருக்கும். என் டெஸ்ட் எதையும் நிரூபிக்கவில்லை.

சரி என்று, அனுமதி வாங்கி, லிங்க்லிஸ்ட்டில் (சிஸ்டம் தானாகவே தேடும் லைப்ரரிகளின் அடுக்கு) இருக்கும் உண்மையான லைப்ரரியிலேயே மாற்றி, ஸ்டெப்லிப் இல்லாமல் ஓட்டினேன். அபெண்டே வரவில்லை! ஐஎஸ்பிஎஃப் திரையில் வரும் மாட்யூல் பட்டியலில் ஏசி 00 என்று கண்ணெதிரே தெரிகிறது, ப்ரோக்ராமோ ஜாம்ஜாம் என்று ஆதரைஸ்டாக ஓடுகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் எல்எல்ஏ ஞாபகம் வந்தது. டைரக்டரி என்ட்ரியை அது மெமரியில் வைத்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது பழைய காப்பி, பழைய ஏசி. எல்எல்ஏவை ரெஃப்ரெஷ் செய்த பிறகு எஸ்047 வந்தது, இந்த முறை சரியான காரணத்துக்காக.

மறுநாள் அதே பட்டியலை நிதானமாகப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. மாட்யூல் பெயருக்கு எதிரே 00. மூன்று வரி தள்ளி அதன் அலையாஸ் (மாற்றுப் பெயர்), எதிரே 01. இரண்டுக்கும் டிடிஆர் (லைப்ரரிக்குள் காப்பி இருக்கும் இடம்) வேறு வேறு. எங்கள் லைப்ரரி பழைய பிடிஎஸ் வகை. நான் அலையாஸ் வரியைக் கொடுக்காமல் ரீப்ளேஸ் செய்ததால், அலையாஸ் பழைய காப்பியையே பிடித்துக்கொண்டு நின்றது. அதாவது முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருந்தேன். அதோடு ரென்ட் ஆப்ஷனையும் (ஒரே காப்பியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்ற குறி) பார்மில் போட மறந்திருந்தேன், அந்தக் குறியும் போயிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாட்யூலுக்கும் முன்னும் பின்னும், மாட்யூலின் விவரங்களை லிஸ்டிங்காகத் தரும் ஆம்ப்லிஸ்ட்டை ஓட்டி, இரண்டு லிஸ்டிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

உண்மையான அடி வந்தது காலாண்டு முடிவில். எது முதலில் கிளம்பும் ப்ரோக்ராம், எது சப்ரொட்டீன் என்று பிரிக்க, பொதுவான ஜேசிஎல் ப்ரொசீஜர்கள் இருக்கும் ப்ரோக்லிப் முழுக்க எக்செக் பிஜிஎம் தேடியிருந்தேன். திரையில் கட்டளை கொடுத்து வேலை செய்யும் டிஎஸ்ஓவுக்கான ஐகேஜேடிஎஸ்ஓ மெம்பரில், ஆதரைஸ்டாக ஓடக்கூடியவற்றைச் சொல்லும் ஆத்சிஎம்டி, ஆத்பிஜிஎம் பட்டியல்களையும் பார்த்திருந்தேன். ஆனால் ஒரு குழு தன் சொந்த ஜேசிஎல் லைப்ரரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டும் ஜாப் எதிலும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஃபோன். "சார், எஸ்047 வந்து நிக்குது, நேத்து வரைக்கும் ஓடிச்சு" என்றார் ஆபரேட்டர். நேற்று அது ஓடவே இல்லை என்று வாதாடும் நேரமா அது? ஏசி(1) போட்டு மறுபடி லிங்க் செய்து, எல்எல்ஏவைத் தட்டி, ஜாபை ரீஸ்டார்ட் செய்தோம்.

சிஸ்டத்தில் ஓடியதையெல்லாம் பதிவு செய்து வைக்கும் எஸ்எம்எஃப்பிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். டைப் 30, சப்டைப் 4 ரெக்கார்டில் முடிந்த ஒவ்வொரு ஸ்டெப்பின் ப்ரோக்ராம் பெயரும் இருக்கிறது. ஆண்டுக் கடைசி ஜாபும் அகப்படட்டும் என்று 13 மாத எஸ்எம்எஃப்பை எடுத்து 43 பெயர்களையும் சலித்தேன். நான் சப்ரொட்டீன் என்று ஒதுக்கியதில் இன்னும் இரண்டு நேரடியாக ஓடியிருந்தன. நல்லவேளை, அவற்றைத் தொடும் முறை அதுவரை வந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று தணிக்கைத் தாளை மூடிய பிறகு, சாஃப்ட்வேர் திருத்தங்களை நிறுவும் எஸ்எம்பி/ஈயின் ஒரு அப்ளையில் இரண்டு மாட்யூல்கள் மறுபடி 01 ஆகிவிட்டன. அவை எங்கள் யூசர்மாட் (நாங்களே செய்த திருத்தம்) வழியாக வந்தவை. எஸ்எம்பி/ஈ தன் எல்மாட் என்ட்ரியில் (அந்த மாட்யூலைப் பற்றிய தன் பதிவில்) வைத்திருந்த பழைய செட்கோட் வரியைக் கொண்டே லிங்க் செய்திருக்கிறது, அதன் மேல் குற்றம் இல்லை. யூசர்மாட்டில் லிங்க் வரிகளைச் சொல்லும் ஜேசிஎல்ஐஎன்னைத் திருத்தி மறுபடி அப்ளை செய்தேன்.

இப்போது பட்டியலில் பாக்கி ஒன்றுதான். எஸ்எம்எஃப்பில் இல்லை, எந்த ஜேசிஎல்லிலும் இல்லை, ஆனால் யாரோ அதற்கு நான்கு அலையாஸ் வைத்திருக்கிறார்கள். ஆண்டு முடிவு ஜாப்கள் ஓடி முடியட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.