நெட் ஆங்கிலம், நாடக யூனிட்: ஒவ்வொரு நாடகத்துக்கும் மூன்று காலங்கள்

நெட் (கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்தாயிற்று. நாடக யூனிட்டை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்காக இது. தாள் அமைப்பு, கட்-ஆஃப் எல்லாம் உங்களுக்கே தெரியும். கிரேக்க நாடகம், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நாடகம் இரண்டின் பின்னணியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதைச்சுருக்கத்தைக் கரைத்துக் குடித்தவர்களும் காலவரிசைக் கேள்வியில் கோட்டை விடுவது இங்கேதான்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு நாடகத்துக்கும் மூன்று காலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கதை நடக்கும் காலம், மேடையேறிய ஆண்டு, எழுதிய அல்லது அச்சான ஆண்டு (அது வேறாக இருந்தால்). கைடுகளில் ஒரே ஒரு ஆண்டைப் போட்டிருப்பார்கள். அது எந்த ஆண்டு என்று சொல்ல மாட்டார்கள். கூற்று–காரணம் கேள்விகளில் பல, முதல் இரண்டு காலங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது.

சோபாக்ளீஸின் தீப்ஸ் நாடகங்களைப் பாருங்கள். கதைப்படி வரிசை ஈடிபஸ் அரசன், கொலோனஸில் ஈடிபஸ், ஆன்டிகனி. மேடையேறிய வரிசை வேறு: ஆன்டிகனி ஏறத்தாழ கி.மு. 441, ஈடிபஸ் அரசன் 429ஐ ஒட்டி, கொலோனஸ் நாடகம் சோபாக்ளீஸ் இறந்தபின் 401இல். இது முத்தொகுப்பே அல்ல. மூன்றும் நாற்பது ஆண்டு இடைவெளியில் தனித்தனியாக மேடையேறியவை. முத்தொகுப்பாக முழுசாக நமக்குக் கிடைத்திருப்பது ஏஸ்கிலஸின் ஒரெஸ்டியா (458) மட்டுமே. "தீபன் ட்ரிலஜி" என்று எங்கே பார்த்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

கிரேக்கர்கள் ஏன் பழங்கதைக்குள்ளேயே நின்றார்கள் என்பதற்கும் இங்கே ஒரு தடயம் இருக்கிறது. கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரை அழித்தார்கள். அதை ஃப்ரினிக்கஸ் நாடகமாக்க, அரங்கமே அழுதது. ஏதென்ஸ் அவருக்கு ஆயிரம் டிராக்மா அபராதம் போட்டது என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். சமகாலத் துயரத்தை நேராகக் காட்டுவது கைசுடும் வேலை. இன்று முழுதாக இருக்கும் துன்பியல்களில் சமகால வரலாற்றைத் தொடுவது ஏஸ்கிலஸின் பாரசீகர் (472) ஒன்றுதான். அதுவும் சலாமிஸ் போரை (480) தோற்றவர்களின் அரண்மனையிலிருந்து காட்டுகிறது. மற்றவை எல்லாம் புராணத்தைப் போர்த்திக்கொண்டு ஊர்ப் பிரச்சினையைப் பேசுபவை.

இவற்றை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் (எல்லாம் கி.மு.):

- 458, ஒரெஸ்டியா: மூன்றாம் நாடகத்தில் அரியோபேகஸ் நீதிமன்றம் பிறக்கிறது. அந்த மன்றத்தின் அதிகாரத்தை ஏதென்ஸ் அரசியல்வாதி எஃபியால்டீஸ் வெட்டிக் குறைத்தது 462ஐ ஒட்டி.
- 431, மீடியா: பெலொப்பொனீசியப் போர் தொடங்கிய ஆண்டு. யூரிபிடிஸுக்கு மூன்றாம் பரிசு, அதாவது கடைசி இடம்.
- 415, ட்ராய் நகரப் பெண்கள்: சற்று முன்புதான் ஏதென்ஸ் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கியிருந்தது.
- 405, தவளைகள்: அரிஸ்டோஃபனீஸ். மேடை லெனையா என்ற சிறிய நாடக விழா, பெரிய டயோனீசியா விழா அல்ல. யூரிபிடிஸ் 406இலேயே இறந்துவிட்டார். நாடகத்தில் அவரை மீட்டுவரக் கீழுலகப் பயணம் வருவதே அதனால்தான்.

கி.மு.வில் எண் குறையக் குறையக் காலம் முன்னேறுகிறது. கடைசிப் பத்து நிமிடப் பதற்றத்தில் இது தலைகீழாகிவிடும். ரஃப் தாளில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டு 458, 431, 405 என்று எழுதிக்கொண்டு, மற்றவற்றை அதன்மேல் பொருத்துங்கள்.

விழா அமைப்புக்கு இவ்வளவு போதும்: பெரிய டயோனீசியா வசந்தகாலத்தில். துன்பியல் போட்டிக்கு மூன்று கவிஞர்கள், ஆளுக்கு மூன்று துன்பியலும் ஒரு சாட்டிர் நாடகமும் (புராணத்தைக் கேலியாகக் காட்டுவது). கோரஸின் (பாடி ஆடும் குழு) செலவு கோரிகஸ் எனப்படும் பணக்காரக் குடிமகனுடையது. துன்பியல் கோரஸ் முதலில் 12 பேர், பிறகு 15. இன்பியலுக்கு 24. இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தவர் ஏஸ்கிலஸ், மூன்றாமவரை சோபாக்ளீஸ். இதைச் சொல்பவர் அரிஸ்டாட்டில். முழுதாகக் கிடைத்த ஒரே சாட்டிர் நாடகம் யூரிபிடிஸின் சைக்ளோப்ஸ்.

அரிஸ்டாட்டில் என்றதும் அடுத்த பொறி. அவர் பிறந்தது கி.மு. 384இல். சோபாக்ளீஸ் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே 'கவிதையியல்' விதிகளைப் பின்பற்றி ஈடிபஸ் எழுதப்பட்டது என்று வரும் எந்தக் கூற்றும் தவறு. காலம், இடம், செயல் என்ற மூன்று ஒருமைகளும் அவர் விதித்தவை அல்ல. அவர் வலியுறுத்தியது செயல் ஒருமை. மூன்றையும் சட்டமாக்கியது கி.பி. 1570இல் இத்தாலிய விமர்சகர் காஸ்டல்வெட்ரோ.

இனி அமெரிக்கா. மூன்று காலக் கணக்கு இங்கே இன்னும் லாபம்.

ஓ'நீலின் லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்: கதை 1912 ஆகஸ்டில் ஒரே நாள். எழுதி முடித்தது 1941. முதல் மேடை 1956 பிப்ரவரி, அதுவும் ஸ்டாக்ஹோமில்! ஆசிரியர் இறந்தது 1953இல், புலிட்சர் பரிசு கிடைத்தது 1957இல். 1941ஐ மட்டும் படித்தவருக்கு இது மில்லரின் டெத் ஆஃப் எ சேல்ஸ்மேனுக்கு (1949) முன், 1956ஐ மட்டும் படித்தவருக்குப் பின். கேள்வி மேடையைக் கேட்கிறதா, எழுத்தைக் கேட்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அவருடைய மோர்னிங் பிகம்ஸ் எலெக்ட்ரா (1931) இரண்டு பகுதிகளையும் கட்டும் பாலம்: ஒரெஸ்டியாவின் கதை அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் நேரத்து நியூ இங்கிலாந்துக்குப் போகிறது, மூன்று பகுதி அமைப்பு உட்பட.

மில்லரின் தி க்ரூசிபிள்: கதை 1692 சேலம், மேடை 1953 ஜனவரி. பலர் மாற்றி எழுதுவது இதைத்தான்: விசாரணைக்கு அழைக்கப்பட்டதால் மில்லர் இதை எழுதினார் என்று. கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு (HUAC) அவரை விசாரித்தது 1956இல், நாடகம் வந்து மூன்று ஆண்டு கழித்து. அவருக்கு முன்னால் 1952இல் குழுவிடம் கம்யூனிஸ்ட் சகாக்களின் பெயர்களைச் சொன்னவர் இயக்குநர் எலியா கஸான். சேல்ஸ்மேனை (1949) மேடையேற்றியவரும் அவரே.

அந்த டெத் ஆஃப் எ சேல்ஸ்மேனில் 1928 என்ற ஆண்டு வந்துகொண்டே இருக்கும். நாயகன் வில்லியின் நல்ல காலமும் ஷெவர்லே காரும் அந்த ஆண்டுதான், 1929 பங்குச்சந்தைச் சரிவுக்கு முந்தைய ஆண்டு. ஜோ மீல்சைனரின் அரங்க அமைப்பில் வீட்டுக்குச் சுவரே கிடையாது, சட்டம் மட்டும். நிகழ்காலத்தில் கதவு வழியாக வருகிறவர்கள் நினைவுக் காட்சியில் சுவர்க்கோட்டைத் தாண்டி நடப்பார்கள். கிரேக்க ஸ்கீனியின் (மேடைக்குப் பின்னால் உள்ள கட்டடம்) மூடிய கதவோடு இதை ஒப்பிட்டுப் படியுங்கள். அங்கே சாவு கதவுக்குப் பின்னால் நடக்கும், தூதன் வந்து சொல்வான், எக்கிக்ளேமா என்ற உருளைமேடையில் உடல் வெளியே வரும். எம்.ஏ. விடைத்தாளில் இந்த ஒப்பீட்டை இரண்டு வரி எழுதினாலே 'பின்னணி' என்ற தலைப்பில் ஒரு பக்கம் நிரப்புவதைவிட மேல். பின்னணியைத் தனிப் பத்தியாக ஒட்டாதீர்கள். ஒரு காட்சியைச் சொல்லி, அதே வாக்கியத்தில் ஆண்டைச் சொருகுங்கள்.

கடைசியாக ஆகஸ்ட் வில்சன். பத்து நாடகம், இருபதாம் நூற்றாண்டின் பத்து தசாப்தங்கள். எழுதிய வரிசையும் கதை வரிசையும் ஒட்டவே ஒட்டாது. 1904இல் நடக்கும் ஜெம் ஆஃப் தி ஓஷன் 2003இல்தான் மேடைக்கு வந்தது. 1927இல் நடக்கும் மா ரெய்னி 1984இல். 1957இல் தொடங்கும் ஃபென்சஸ் 1985இல். களம் எல்லாமே பிட்ஸ்பர்கின் ஹில் பகுதி, மா ரெய்னி மட்டும் சிகாகோ. இந்த ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

நேரம் குறைவு என்றால் விடக்கூடியவை: கிரேக்க யாப்பு, முகமூடிகளின் வகைகள், 1920க்கு முந்தைய பிராட்வே. விடக்கூடாதவை: டென்னசி வில்லியம்ஸின் கிளாஸ் மெனாஜரி (சிகாகோ 1944, நியூயார்க் 1945) இரட்டை ஆண்டுக் குழப்பம், ஹான்ஸ்பெரியின் எ ரெய்சின் இன் தி சன் (1959), ஆல்பியின் ஸூ ஸ்டோரி 1959இல் முதலில் பெர்லினில் மேடையேறியது. நெகட்டிவ் மார்க் இல்லை, தெரியாததையும் விடாமல் குறித்துவிடுங்கள். காலவரிசைக் கேள்வியில் முதலும் கடைசியும் உறுதியாகத் தெரிந்தாலே பெரும்பாலும் நான்கு விடைகளில் இரண்டு கழிந்துவிடும்.