பாம்பன் பாலத்தில் பீமன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் பெரிய ரயில் விபத்து. ஏழு கோச் தடம் புரண்டது, அதில் மூன்று பாம்பன் பாலத்திலிருந்து நேராகச் சிமென்ட் தரைக்கு. ஆள் சேதம் ஒன்றே ஒன்று. ஸ்டேஷன் மாஸ்டரைக் காணவில்லை. நாய் தின்றுவிட்டதாகச் சந்தேகம்.

கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் புரியும். எங்களுக்குப் போத்தனூர். அப்பா இங்கே ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், அதனால் தொட்டில் பழக்கமாக ரயில் பைத்தியம். மாடியில் வாடகைக்கு விடலாம் என்று கட்டிய அறையில் நான்கு சுவரையும் ஒட்டி மூன்றடி உயரத்தில் பலகை அடித்து, அதன்மேல் ஒரு குட்டி ரயில்வே ஓடுகிறது. எச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப் பார்த்தால் நம்மூர் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், 87-ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும், கடையில் கிடைப்பது வெளிநாட்டு 1435-க்குச் செய்தது. அந்த மூன்று மில்லிமீட்டரைப் பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை, சம்பந்தி வீட்டுக் குறையைப் பேசாமல் இருக்கிற மாதிரி.

மலை தெர்மாகோல். மண், காபி டீ கடையில் வாங்கி வந்து காயவைத்த டீத்தூள். மரமெல்லாம் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். பலகை நான்கு பக்கமும் சுற்றி வருவதால் கதவை அடைத்துக்கொள்ளும், அந்த இடத்தில் மட்டும் தூக்கி இறக்குகிற மாதிரி ஒரு துண்டு வைத்திருக்கிறேன். அதுதான் பாம்பன். 2025-இல் திறந்த புதுப் பாலம் அல்ல, 1914-ஆம் வருஷத்துப் பழைய பாலம், நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பிக்கொண்டிருந்ததே, அது. அசல் பாலத்தை ஆட்கள் கையால் லீவரைச் சுற்றித் திறந்தார்கள், எங்கள் வீட்டில் மனைவி டீ கொண்டுவந்தால் வெளியில் நின்று "ஏனுங்க, ரயில் வருதுங்களா?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகு முழங்கையால் திறப்பாள். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அந்த விதியை அவள் மீறியதில்லை. மாதம் ஐயாயிரம் வாடகை போச்சே என்பதை மட்டும் அவ்வப்போது நினைவுபடுத்துவாள்.

வைகை எங்கள் நாய். தெருவில் கிடைத்த குட்டி, வந்த முதல் நாளே வாசலிலிருந்து கொல்லை வரை எங்கேயும் நிற்காமல் ஓடியது, அதனால் 1977-இல் ஓட ஆரம்பித்த அந்த எக்ஸ்பிரஸ் பெயரையே வைத்துவிட்டேன். நல்ல நாய்தான். ஆனால் அதன் முடி இருக்கிறதே, காற்றில் பறந்து எப்படியோ எஞ்சின் அடியில் போய் அச்சில் சுற்றிக்கொள்ளும். பல் சக்கரத்துக்குள் இரண்டே இரண்டு முடி போனால் போதும், எஞ்சின் முதலில் முனகும், அப்புறம் நொண்டும், அப்புறம் நிற்கும். பூதக்கண்ணாடி, ஊசி, சாமணம் எல்லாம் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டு முடி எடுப்பேன். எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பேன் பார்க்கிறீங்களா என்று கேட்டார்.

இன்னொன்று, டீசல் எஞ்சினில் ஹார்ன் சத்தம் வரும்படி சிப் வைத்திருக்கிறேன். அது ஒலித்தால் வைகை கழுத்தைத் தூக்கி "ஊஊஊ" என்று பதில் சொல்லும். நிஜ ரயில் வீட்டுக்குப் பின்னால் தினமும் எத்தனையோ போகிறது, அதற்கெல்லாம் ஒரு காதுகூட அசையாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு நாலு பேர் கூடுவோம். ஓய்வு பெற்ற லோகோ பைலட் ஒருவர், எங்களுக்கு லோகோ அண்ணன். முப்பது வருஷப் பழக்கம், சுண்டுவிரல் உயர சிக்னலைப் பார்த்தாலும் கையை நீட்டி "ஹோம் சிக்னல் கிரீன்!" என்று சத்தமாகச் சொன்னால்தான் அவருக்கு ரயில் நகரும், உதவி லோகோ பைலட் இடத்தில் இருக்கிற நாமும் திருப்பிச் சொல்லவேண்டும். அடுத்தது ஐ.டி. கம்பெனித் தம்பி, கோச்செல்லாம் அவனே த்ரீ-டி பிரின்டரில் செய்வான். மூன்றாவது மருந்துக்கடை மாமா. மாமாவுக்கு எஞ்சின் கிடையாது, கோச்சும் கிடையாது, பார்க்க வருவார், போண்டா சாப்பிடுவார், "ஸ்பீடு பத்தலையே மாப்ளே" என்பார்.

அன்றைக்குத் திட்டம் 24 கோச் ரயில். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலைக் கோச் ஒன்று 21 மீட்டர் சொச்சம், எங்கள் அளவில் கிட்டத்தட்ட கால் மீட்டர். 24 சேர்ந்தால் ஆறு மீட்டர். என்னிடம் ஒன்பது, தம்பி பன்னிரண்டு, லோகோ அண்ணன் அட்டையில் ஒட்டிச் செய்த மூன்று. அந்த அட்டைக் கோச்சுகள் எடை பத்தாமல் வளைவில் உள்பக்கம் சாயும், அடியில் இரும்பு வாஷர் ஒட்டி ஒருவழியாகச் சரிக்கட்டினோம்.

மாமா அன்று நாயோடு வந்தார். வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்களாம். அசல் ராஜபாளையம், பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். பெயர் பீமன். அந்த இனத்தில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பீமனுக்கும் அப்படித்தான் என்று மாமா அடித்துச் சொல்வார், ஏனென்றால் எத்தனை கூப்பிட்டாலும் வராது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் மட்டும் மூன்றாவது வீட்டிலிருந்தும் கேட்கும். கீழே திண்ணைக் கம்பியில் கட்டிப்போட்டுவிட்டு, "பூனை மாதிரி இருப்பான்" என்றார். பூனை வளர்த்தவர்கள் யாரும் அந்த உவமையைச் சொல்லமாட்டார்கள்.

பதினோரு மணிக்கு ரயில் கிளம்பியது. நிஜமாகவே அழகாக இருந்தது. எஞ்சின் எதிர்ச் சுவரில் போகும்போது கடைசிக் கோச் இன்னும் இந்தப் பக்கம் வளைவில். யாரும் பேசவில்லை, மாமாகூட. லெவல் கிராசிங் வந்ததும் தம்பி ஹார்ன் அடித்தான். மேஜைக்கடியில் படுத்திருந்த வைகை எழுந்து பதில் சொன்னது. கீழே ஏதோ இரும்பு அறுந்த சத்தம். படியில் சங்கிலி இழுபடுகிற ஓசை.

"மாமா" என்றேன்.

"அவனுக்குத்தான் காது கேக்காதே" என்றார் மாமா.

அதற்குள் பாம்பன் பாலத்துக்கடியில் ஒரு வெள்ளைத் தலை குனிந்து நுழைந்து உள்ளே நிமிர்ந்தது. தலை நிமிர்ந்தால் ஒரு மீட்டர் உயரம். எங்கள் ரயிலில் போகிற பயணி கண்ணுக்கு அது 87 மீட்டர், தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தைவிட உயரமான நாய். தலை அறைக்குள், உடம்பு பாலத்தின் கீழே, வால் கதவுக்கு வெளியே. வைகையைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த வால் மேலே எழும்பியது. ராஜபாளையம் வால் என்பது சாட்டை. சரியாகத் தண்டவாள மட்டத்தில் இடதும் வலதுமாக ஆடிற்று. இடது வீச்சில் நான்கு கோச், வலது வீச்சில் மூன்று.

முன்பக்கம் அதற்குத் தெரியாது. போத்தனூர் பிளாட்பாரத்தில் தாடையை வைத்து நாக்கால் ஒரு நக்கு நக்கியது. கழுத்துப் பட்டையில் தொங்கிய பித்தளை வில்லை இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட, ஷார்ட் ஆகி மொத்த லேஅவுட்டும் கரண்ட் போய் நின்றுவிட்டது. லோகோ அண்ணன் மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "டேஞ்சர்! டேஞ்சர்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பீமன் ஒரு ஸ்லீப்பர் கோச்சைக் கவ்வி எடுத்தது.

"விடுறா" என்றேன். "சிட்" என்றான் தம்பி. பழக்கிவிட்ட ஆள் எல்லாம் இங்கிலீஷில்தான் சொல்லிக்கொடுத்தார் என்று மாமா "லீவ் இட் பீமா, லீவ் இட் சாமி" என்று கெஞ்சினார். பீமன் எங்களை வரிசையாகப் பார்த்தது, வாயில் எஸ் ஏழு. கடைசியில் மனைவிதான் வந்தாள். பழக்க தோஷத்தில் முதலில் "ஏனுங்க, ரயில் வருதுங்களா?" என்றாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே போய் ஒரு ஆட்டு எலும்போடு வந்து படியில் நின்று காட்டினாள். கோச் கீழே விழுந்தது, பீமன் பின்னாலேயே போயிற்று, போகிறபோது வால் இன்னொருமுறை.

ரயில்வேயில் மாடு அடிபட்டால் சி.ஆர்.ஓ., கேட்டில் (கால்நடை) ரன் ஓவர் என்று எழுதுவார்கள். இங்கே கால்நடைதான் ரயில்மேல் ஏறியது, அதற்குச் சுருக்கெழுத்து இல்லை என்று லோகோ அண்ணன் வருத்தப்பட்டார். ஆனாலும் விட மனசில்லாமல், தடம் புரண்டால் அதிகாரிகள் சேர்ந்து எழுதுகிற ஜாயின்ட் நோட் ஒன்றைக் கோடுபோட்ட நோட்டில் முறைப்படி எழுதினார். இடம், நேரம், பாதை நிலை, எல்லாம். காரணம் என்ற இடத்தில்: பீமன். "நடந்த சேதம் அனைத்திற்கும், காணாமல் போன பொருள் அனைத்திற்கும் மேற்படி நாயே பொறுப்பு." நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம், மாமா கொஞ்சம் யோசித்துத்தான் போட்டார்.

அப்போதுதான் பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை என்பதைப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டர் உயரம், வெள்ளைச் சட்டை, கையில் பச்சைக் கொடி. அவர் நின்ற இடத்தில் ஃபெவிகால் தடம் மட்டும். டாக்டருக்குப் போன் போட்டோம். அவ்வளவு பெரிய நாய்க்கு அத்தனூண்டு பிளாஸ்டிக் ஒன்றும் செய்யாது, வாந்தி எடுத்தாலோ சாப்பிடாமல் இருந்தாலோ கூட்டி வாங்க, மற்றபடி காலையில் கவனித்துக்கொண்டே இருங்க என்றார். பீமன் சாப்பிடாமல் இருப்பதாவது.

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு மாமா போன். "மாப்ளே, வந்துட்டாரு."

போட்டோ அனுப்பினார், நான் காபி குடிக்கும்போதா பார்க்கவேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் அது ஸ்டேஷன் மாஸ்டரே அல்ல, கையில் தூக்குவாளி வைத்திருக்கிற டீ விற்பவர். அவர் காணாமல் போனதே எனக்குத் தெரியாது. டெட்டாலில் கழுவி எடுத்து வரட்டுமா என்று மாமா கேட்டதற்கு மனைவி பக்கத்திலிருந்து "வேண்டாங்கண்ணா, நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிப்போட்டாள். இப்போது மருந்துக்கடைக் கல்லாவில் நிற்கிறாராம்.

நேற்று சாயங்காலம் வைகை படுக்கிற சாக்கை உதறி வெயிலில் போட எடுத்தேன். பொலபொலவென்று கொட்டியது. ஸ்டேஷன் மாஸ்டர், தலை மட்டும் கொஞ்சம் மெல்லப்பட்டு. இரண்டு போர்ட்டர். ஒரு மாடு. அரை சிக்னல் கம்பம். அப்புறம் ஒரு ஜோடி சக்கரம், பொங்கலுக்கு முன்னால் தம்பியிடம் இரவல் கொடுத்து அவன் தொலைத்துவிட்டான் என்று மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனே, அதே சக்கரம். வைகை வாசல்படியில் உட்கார்ந்து தெருவை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். ஜாயின்ட் நோட்டில் நாலு பேர் கையெழுத்து இருக்கிறது. அதைத் திருத்த முடியாது என்று லோகோ அண்ணனே சொல்லியிருக்கிறார்.