ஒன்பதாவது ஈட்டில் ஒரு முழுத்தாள்

வீட்டிலேயே கையால் காகிதம் செய்து பழகுகிறேன். நேற்றுச் சாயங்காலம் ஒரு தாள் நான்கு மூலையும் கிழியாமல் வலையை விட்டு இறங்கியது. அடுத்தடுத்து இன்னும் நான்கு. இதற்கு முன் போட்ட எட்டு ஈடும் பாழ்.

கூழ் பழைய கணக்குதான்: வாழைமட்டை நார் முக்கால், பருத்தி வேட்டிக் கந்தல் கால். சலவைச் சோடாவில் மூன்று மணி நேரம் வேகவைத்தேன், எவர்சில்வரில். (அலுமினியக் குண்டானில் வைத்து அது கறுத்ததும், வீட்டில் வாங்கிய திட்டும் தனிக்கதை.) மிக்சியை இனித் தொடமாட்டேன். அது நாரை நறுக்கும், நைக்காது. முனை பிரிந்தால்தானே நார் ஒன்றோடொன்று பின்னும்? உரலில் முக்கால் மணி நேரம் இடித்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

என் பாடெல்லாம் தாளைத் துணியில் இறக்குவதில்தான். இதுவரை தட்டைப் பலகையில் துணி விரித்து, கூழை அள்ளிய வலைச் சட்டத்தைப் பொத்தென்று கவிழ்த்தேன். நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். தூக்கினால் அந்த இடம் மட்டும் வலையோடு வந்துவிடும். இந்தத் தடவை துணிக்கடியில் பழைய துண்டுகளை மடித்து, நடு மேடாக இருக்கும்படி அடுக்கினேன். சட்டத்தின் ஒரு விளிம்பை ஊன்றி, அங்கிருந்து மறு விளிம்புவரை மெதுவாக உருட்டி அழுத்தினேன். காற்று ஒதுங்கிப் போனது. துணி ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த துணியில் கூழ் ஒட்டாது. இந்த ஒன்று புரியவே எனக்கு நான்கு ஈடு ஆயிற்று!

வெண்டைக்காய்க்கும் இதில் பங்குண்டு. ஜப்பானில் வாஷி தாள் செய்கிறவர்கள் டொரொரோ அவோய் என்ற செடியின் வேர்க் கொழகொழப்பைத் தொட்டியில் கலப்பார்கள். அது நம் வெண்டைக்குப் பங்காளிச் செடி. கலந்தால் நார் அடியில் தங்காது, தண்ணீரும் நிதானமாக வடியும். நறுக்கிய காயைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். சூடு பட்டால் கொழகொழப்பு போய்விடும்.

சட்டத்துக்குத் தச்சர் இரும்பாணி அடித்துவிட்டார். மூலைக்கு மூலை துருக்கறை. பித்தளை ஆணிக்குக் கடை கடையாக அலைந்தேன். வலைக்கு மீட்டர் கணக்கில் விற்கும் கொசுவலையே போதும். கி.பி. 105இல் சீன அரசவையில் சாய் லுன் காட்டிய தாளுக்கு மரப்பட்டை, கந்தலோடு பழைய மீன்வலையும் போனதாம். எனக்கும் ஆசைதான். ஆனால் இப்போது மீன்வலையெல்லாம் நைலான், எத்தனை இடித்தாலும் கூழாகாது.

அடுத்தது மை. கிழிந்த துண்டுகளில் எழுதிப் பார்த்தேன். மை ஊறிப் பரவி, ஒவ்வோர் எழுத்துக்கும் கால் முளைக்கிறது. அதைத் தடுக்கத் தாளுக்குக் கஞ்சி போட்டுச் சோழியால் தேய்க்கலாம் என்று திட்டம். அரபு நாட்டுத் தாள்களுக்கு மாவுக் கஞ்சிதான் போட்டார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டில் விலங்குப் பசைக்கு மாறினார்கள். எங்கள் அலமாரி இராமபாணப் பூச்சிகளை நினைத்தால் கஞ்சி பயமாகத்தான் இருக்கிறது.

ஐந்து தாளும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காய்கின்றன. பொறுக்காமல் ஒன்றின் ஓரத்தில் மட்டும் கஞ்சி தடவினேன். அந்த ஓரம் சுருண்டுவிட்டது.