நாய்க்குட்டி வேணுமாம்

"நானே பாத்துக்கறேன்ப்பா, ப்ராமிஸ்"னு சொல்லிட்டு கீழ்வீட்டு நாய் முன்னாடி குத்தவச்சு உக்காந்துட்டா பாப்பா.

தடவப் போகல. கைய மடக்கி நீட்டிக்கிட்டு, அது வந்து மோந்து பாக்குற வரைக்கும் அசையவே இல்ல. மூக்கு ஈரம் விரல்ல பட்டதும் தோள் மட்டும் லேசா குலுங்குச்சு, கைய எடுக்கல.

அந்தப் பொறுமைய பாத்ததும் எனக்கும் ஆசை வந்துடுச்சு.

ஆனா 8 வயசுப் பிள்ளையோட ப்ராமிஸ நம்பி நாய் வாங்கக் கூடாதுங்க. குட்டிய 8 வாரமாவது தாய்கிட்ட விடணும், வீட்டுக்கு வந்தப்புறம் 16 வாரம் வரைக்கும் விட்டு விட்டு தடுப்பூசி, வெறிநாய்க்கடி ஊசி, பூச்சி மருந்து வேற, 2 மாசக் குட்டியால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்க அடக்க முடியாது, அப்போ நடுராத்திரி எந்திரிச்சு வெளிய கூட்டிட்டுப் போறது யாரு, நானோ அவ அம்மாவோதான்.

பல்லு மொளைக்கும்போது கெடச்சதெல்லாம் கடிக்கும், பிள்ளையோட விரலயும் சேத்து. பெரியவங்க பக்கத்துல இல்லாம ரெண்டையும் தனியா விடவே கூடாது.

நாய் பெரும்பாலும் 10லேர்ந்து 13 வருஷம் இருக்கும். இவ காலேஜுக்கு கெளம்புறப்போ அதுக்கு வயசாகியிருக்கும், கதவையே பாத்துட்டு படுத்திருக்குறத சமாதானப்படுத்தி சாப்பிட வைக்கப்போறதும் நாங்கதான்.

அவளுக்கு வேணும்ங்கறது தெரியும். எங்க ரெண்டு பேருக்கும் வேணுமான்னு ராத்திரி உக்காந்து பேசினோம்.

வேணும்.

குட்டிதான்னு இல்ல, காப்பகத்துல குணம் தெரிஞ்ச வளந்த நாய் இருந்தாலும் சரின்னு தோணுது. ஞாயித்துக்கெழமை மூணு பேரும் போயி பாக்கப்போறோம்.