அக்காவின் எச்-இன்டெக்ஸ்

மருந்துவாழ் மலை அடிவாரத்தில் வளர்ந்த என் அக்கா மருந்து வேதியியல் ஆராய்ச்சியாளர். ஊருக்கு வந்தால், "மக்களே, என்ன மருந்து கண்டுபிடித்தாய்?" என்பார்கள் சித்திமார். ஆய்வுலகமோ எச்-இன்டெக்ஸைக் கேட்கிறது.

ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அவரை மதிப்பிட, இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு அது. எண் 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். ஒரு கட்டுரையை 2,000 பேர் மேற்கோள் காட்டினாலும் அந்த எண்ணில் அது ஒன்றுதான். எனக்கு இது ஒப்பவே இல்லை.

அக்காவின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தயாரித்த சேர்மம் தூய்மையானதா என்று பார்க்க, அதை ஏற்றிய, சிலிக்கா பூசிய சிறு தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைப்பாள். ஒரே புள்ளி தெரிந்தால் முகம் மலரும். மூன்று தெரிந்தால் மறுபடியும் பிரித்தெடுக்க வேண்டும். மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃப்ளூரினை வைப்பாள். கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகம் குறையலாம். மருந்தின் வீரியமே போய்விடவும் கூடும். அப்படிப் பொய்த்துப்போன சேர்மங்களில் பெரும்பாலானவை அச்சேறுவதில்லை. அச்சேறாததை யார் மேற்கோள் காட்டுவார்கள்?

தோற்றுப்போன வேதிவினைகளின் விவரங்களைப் பொதுவில் வைக்க அக்கா இப்போது அனுமதி கேட்டிருக்கிறாள். கிடைத்தால், நாகர்கோவிலில் முதுகலை வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் நானே அனுப்புவேன்.