வரைபட அச்சுக்கு ஸ்பாட் கலர்: பழுப்புக்குத் தனி பிளேட்

வரைபடத்தை அச்சடிக்கும்போது முதலில் பல்லிளிப்பது சம உயரக் கோடுதான் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு). தடிமன் 0.15 மி.மீ., நிறம் பழுப்பு. சிஎம்ஒய்கே-யில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற வழக்கமான நாலு மையில்) விட்டால் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றின் புள்ளிகளும் கூடித்தான் அந்தப் பழுப்பு வர வேண்டும். 150 எல்பிஐ ஸ்கிரீனில் (அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை) புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 0.17 மி.மீ. கோட்டின் தடிமனை விட அதுவே அதிகம். கோடு பொடிப்பொடியாக உடையும். ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

பழுப்புக்கென்று தனியாகக் கலந்த ஒரு மை (இதுதான் ஸ்பாட் கலர்), ஒரு பிளேட் கொடுத்தால் ஸ்கிரீனே இல்லாமல் கோடு முழுசாக விழும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து அச்சகத்தில் நாலு கலர் மெஷின் இருந்தால், அதன் நான்கு யூனிட்டிலும் கறுப்பு, பழுப்பு, நீலம், பச்சை போடச் சொல்லுங்கள். ஒரே பாஸிங்கில் (காகிதம் மெஷினில் ஒரு தடவை ஓடுவதில்) முடியும். சாலைக்குச் சிவப்பு வேண்டும் என்று ஐந்தாவது மைக்குப் போக வேண்டாம். கறுப்பு விளிம்புக்குள் பழுப்பு 50 சதவீதம் போதும். ஓரியண்டியரிங் (வரைபடம் பார்த்து வழி கண்டு ஓடும் விளையாட்டு) வரைபடங்களில் புழங்கும் பேண்டோன் மை எண்களான 471 பழுப்பு, 299 நீலம், 361 பச்சை நல்ல தொடக்கம்.

வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்-இலிருந்து பிடிஎஃப் எடுத்து இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து, ஒரே நிறக் கோடுகளை மொத்தமாகத் தேர்ந்து ஸ்வாட்ச்சை (நிறப் பதிவை) மாற்றுங்கள். ஸ்வாட்ச் வகை ‘ஸ்பாட்’ என்று இருக்க வேண்டும். பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள்: ‘471 சி’ ஓரிடத்திலும் ‘471 யு’ இன்னோரிடத்திலும் இருந்தால் இரண்டு பிளேட் விழும். ‘சி’ பூச்சுள்ள காகிதத்துக்கு, ‘யு’ பூச்சில்லாததுக்கு. பூச்சில்லாத மேப்லித்தோவில் அடிப்பதானால் எல்லாமே ‘யு’.

கறுப்பு எழுத்துக்கும் பழுப்புக் கோட்டுக்கும் ஓவர்பிரிண்ட் (அடி நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது) கட்டாயம். இல்லையென்றால் அடியில் இருக்கும் பச்சை வெட்டுப்பட்டு, கோட்டோரம் வெள்ளை இழை தெரியும். வெள்ளைப் பொருளுக்கு மட்டும் ஓவர்பிரிண்ட் தவறியும் வேண்டாம். அச்சில் காணாமலே போய்விடும்.

டின்ட் (புள்ளிகளால் வெளிறிய நிறம்) போடும் நிறங்களுக்கு ஸ்கிரீன் கோணத்தை சிடிபி (பிளேட் எடுக்கும் மெஷின்) ஆபரேட்டரிடம் எழுதியே கொடுங்கள்: நீலம் 15, பழுப்பு 45, பச்சை 75 டிகிரி. சொல்லாவிட்டால் எல்லா ஸ்பாட்டும் 45-இல் விழக்கூடும். ஏரிக்கரையில் நீலமும் பச்சையும் மேல்விழும் இடத்தில் மொய்ரே (புள்ளிகள் மோதி வரும் கோலம்) கட்டம் கட்டமாகத் தெரியும். மேப்லித்தோ மையைக் குடித்துப் புள்ளியை ஊத வைக்கும். ஆர்ட் பேப்பரில் 30 சதவீதம் வைக்கும் ஏரி நீலத்துக்கு இங்கே 20 போதும்.

பிளேட்டுக்கு அனுப்புமுன் அக்ரோபேட்டின் அவுட்புட் பிரிவ்யூவில் ஒவ்வொரு மையாக அணைத்துப் பாருங்கள். கறுப்பையும் மூன்று ஸ்பாட்டையும் அணைத்தபின் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். சயான், மெஜந்தா, மஞ்சளில் ஏதாவது தலைகாட்டினால் எங்கோ ஒரு பொருள் மாறாமல் கிடக்கிறது.

இரண்டு கலர் மெஷினில் இரண்டு பாஸிங் என்றால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை மறக்கக் கூடாது. காகிதம் ஈரத்தில் கிரெயினுக்கு (நார் ஓடும் திசைக்கு) குறுக்காகத்தான் அதிகம் நீளும். எனவே கிரெயின் சிலிண்டரின் நீளவாட்டுக்கு இணையாக இருக்கட்டும்; நீட்சியை பேக்கிங் (சிலிண்டரில் அடியில் வைக்கும் தாள்) மாற்றிச் சரிக்கட்டலாம். முதல் பாஸிங் முடிந்த அடுக்கைப் பாலித்தீனால் மூடி வையுங்கள். இரண்டாவது பாஸிங்கிலும் அதே கிரிப்பர் ஓரம் (மெஷின் கவ்வும் விளிம்பு), அதே சைடு லே (பக்கவாட்டில் தாளை நிறுத்தும் இடம்).