மணலுக்குள் ஒரு புனிதர், இரவல் கதையோடு

பெரன்போர்த்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கொடிதான். கறுப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை. பேஸ்டி (இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம்) விற்கும் கடை வாசலில் ஒன்று, சர்ஃபிங் பலகை வாடகைக்கு விடும் கடையில் ஒன்று, நின்றிருந்த வேனின் பின் கண்ணாடியில் ஒன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலின் கொடி அது. புனித பிரனின் கொடி. (பிரான் என்று எழுதத்தான் கை போகிறது, எம்பிரான், தம்பிரான் என்று பழகிய கை. அங்கே நெடில் கிடையாது. ஊர்ப் பெயர்களில் அவர் பெரன் ஆகிவிடுகிறார்.)

பிரனின் கதையை கார்ன்வாலில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். அயர்லாந்துச் சிற்றரசர்கள் அவரைத் திருகைக் கல்லோடு சேர்த்துக் கட்டி, புயல் நாளில் செங்குத்துப் பாறையிலிருந்து கடலுக்குள் உருட்டிவிட்டார்கள். கடல் அடங்கியது, கல் மிதந்தது. அப்பர் நினைவுக்கு வந்திருப்பார், எனக்கும் வந்தார். கல் கரை ஒதுங்கிய இடம் பெரன்போர்த். மணல்மேட்டில் சின்ன ஆலயம் கட்டினார். முதல் சீடர்கள் காட்டுப்பன்றி, நரி, பேட்ஜர் என்கிற வளை தோண்டும் விலங்கு. ஒருநாள் அவர் அடுப்புக் கல்லிலிருந்து வெள்ளீயம் சிலுவை வடிவில் உருகி வழிந்ததாம். அன்றிலிருந்து வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு அவர்தான் காவல். கொடியின் கறுப்பு அந்தக் கல், வெள்ளை அந்த ஈயம். கடைசியில் குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்து செத்தார் என்றும் சொல்கிறார்கள். ‘பெரன்காரன் மாதிரி குடித்திருக்கிறான்’ என்று சொலவடையே உண்டு. சொந்தப் புனிதரைப் பற்றி இப்படிப் பேசிச் சிரிக்கிற ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

ஆலயத்தைத் தேடிப் பென்ஹேல் மணற்குன்றுகளுக்குள் நடந்தேன். அக்டோபர் மாதம், மேற்கிலிருந்து காற்று. குன்றுகள் புல் மூடியவை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஃபோனில் சிக்னல் போனதும் ஒரு மணி நேரம் சுற்றினேன். முயல் வளையில் கால் வைத்தேன், தேங்கிய தண்ணீரில் மறு காலை வைத்தேன். நாயோடு வந்த ஒரு பெரியவர்தான் வழி காட்டினார். “பிரன் அயர்லாந்துக்காரரா?” என்று அவரிடம் கேட்டேன். “அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்” என்றார்.

ஆலயம் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். பள்ளத்துக்குள் ஒரு கல் அறை. அதைச் சுற்றிக் கான்கிரீட் சுவர். நான் போனபோது தரையில் தண்ணீர் நின்றது. இந்த அறைக்கு நேர்ந்ததைக் கேட்டால் பாவமாக இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் மணலுக்குள் கிடந்ததை 1835-ல் வில்லியம் மிச்செல் என்பவர் தோண்டி எடுத்தார். பார்க்க வந்த கூட்டம் ஞாபகார்த்தமாகக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனது. வாசல் வளைவில் இருந்த மூன்று கல் தலைகள் ட்ரூரோ அருங்காட்சியகத்துக்குப் போயின. 1910-ல் காப்பாற்றுவதற்காகக் கான்கிரீட் கூடு கட்டினார்கள். வெள்ளமும் விஷமிகளும் விடவில்லை. 1980-ல் மறுபடி மணலைப் போட்டு மூடினார்கள். 2014-ல் மறுபடி தோண்டினார்கள். அது அப்படியே மணலுக்குள் தூங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மூடியே வைத்திருந்தால் நான் எதற்கு அங்கே போகப் போகிறேன்?

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னொரு இடிபாடு. இந்தச் சிற்றாலயத்தை மணல் விழுங்கிய பிறகு கட்டிய கோயில் அது. அதையும் மணல் துரத்த, 1804-ல் கல்லையெல்லாம் பிரித்து உள்நாட்டுப் பக்கம் எடுத்துப் போய்விட்டார்கள். அந்தத் திருச்சபைப் பங்கின் பெயரே பெரன்சாபுலோ, அதாவது மணலில் இருக்கும் பிரன்.

அந்த இடிபாட்டுக்குப் பக்கத்தில்தான் நான் அதிக நேரம் நின்ற சிலுவை இருக்கிறது. என்னைவிட உயரமான கருங்கல். வட்டத் தலையில் நான்கு துளை இருக்க வேண்டும். மூன்றுதான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிகிறது. நான்காவது வெறும் குழி. விரலை விட்டால் கல் தட்டுகிறது. சிற்பிக்குச் சலிப்பா, கல் விரிந்துவிடும் என்ற பயமா? 960-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று நில எல்லை சொல்லும்போது இங்கே ஒரு சிலுவையைக் குறிக்கிறது. இதுதான் அது என்று கருதுகிறார்கள். 1086-ல் இங்கிலாந்து அரசர் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் இந்த இடம் லான்பிரன்; பிரனின் திருக்கோயிலில் குருமார்கள் இருந்தார்கள்.

சரி, கதை எப்போது வந்தது? அதுதான் சுவாரசியம். பிரனின் வாழ்க்கை வரலாறு 14-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கிடைக்கிறது. அது இன்று ஜெர்மனியின் கோதா நகரில் இருக்கிறது. படித்துப் பார்த்தவர்களுக்கு உடனே புரிந்தது, இது அயர்லாந்தின் சைகிரில் மடம் அமைத்த புனித கீரனின் வரலாறு. கீரன் என்று இருந்த இடத்தில் பிரன் என்று போட்டு, கடைசியில் கார்ன்வாலைச் சேர்த்திருக்கிறார்கள். காட்டுப்பன்றியும் நரியும் பேட்ஜரும் கீரனுடைய சீடர்கள். அந்த நரி குருவின் செருப்பைத் திருடிக்கொண்டு ஓடிய கதையும் அங்கே உண்டு. இருவருக்கும் திருநாள்கூட ஒன்றே, மார்ச் 5.

அப்படியானால் இருவரும் ஒருவர்தானே என்று பழைய எழுத்தாளர்கள் சொன்னார்கள். அயர்லாந்து மொழியில் ‘க’ வருகிற இடத்தில் கார்ன்வாலின் கார்னிஷ் மொழியில் ‘ப’ வரும் என்பது அவர்கள் பிடித்துக்கொண்ட கொம்பு. உண்மைதான். தலைக்கு அங்கே கியான், இங்கே பென்; பென்ஹேலில் இருப்பது அந்தப் பென்தான். ஆனால் அந்த விதி பழைய ‘க்வ’ ஒலியிலிருந்து வந்த சொற்களுக்கு மட்டும். கீரன் என்ற பெயர் கருமையைக் குறிக்கும் ‘கீர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதில் இருப்பது வெறும் ‘க’. அவர் கடல் தாண்டி வந்திருந்தாலும் ‘க’வோடேதான் இருந்திருப்பார்.

கதை இரவல் என்று தெரிந்ததும் ஆளே பொய் என்று தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்ன்வாலிலும் வேல்ஸிலும் பிரான்சின் பிரிட்டனியிலும் இப்படி நூற்றுக்கணக்கான புனிதர்கள் இருக்கிறார்கள், ஊருக்கு ஒருவர். பலரைப் பற்றி எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. 10-ஆம் நூற்றாண்டுப் பட்டியல் ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது, 48 பெயர்கள், பெரும்பாலும் கார்ன்வால் புனிதர்கள். அற்புதமில்லை, பிறப்பில்லை, இறப்பில்லை. பெயர் பெயராக வரிசை. கோயிலுக்கு இடம் கொடுத்தவரோ, அங்கே புதைக்கப்பட்டவரோ, யாரோ ஒருவரின் பெயர், கோயில் வளாகத்தைக் குறிக்கும் ‘லான்’ என்ற முன்னொட்டோடு மண்ணில் ஒட்டிக்கொண்டது. பிறகு திருநாளன்று வாசிக்க ஒரு கதை வேண்டியிருந்தது. பக்கத்து நாட்டுக் கதை கைக்கு எட்டியது, எடுத்துக்கொண்டார்கள். எலும்பு மட்டும் இரவல் இல்லை. பிரனின் தலை என்று ஒன்றைப் பங்குக் கோயிலில் வைத்து வணங்கினார்கள். 1433-ல் ஜான் அருண்டெல் என்ற பிரபு அதை மரியாதையாக வைக்க 40 ஷில்லிங் எழுதிவைத்தார். மதச் சீர்திருத்தக் காலத்தில் இப்படிப்பட்டவையெல்லாம் காணாமல் போனபோது அதுவும் போனது.

அப்புறம் கொடி. அதைப் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய எழுத்துக் குறிப்பு 1838-ஆம் ஆண்டினுடையது. மிச்செல் ஆலயத்தைத் தோண்டி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. முன்பு இருந்த கொடி என்றுதான் அதில் எழுதியிருக்கிறார்கள், முன்பு என்றால் எப்போது என்பதில்லை.

திரும்பி வந்து அதே பேஸ்டிக் கடையில் ஒதுங்கினேன். உள்ளே மாட்டிறைச்சியும் உருளையும் டர்னிப்பும். மிளகு தாராளம், நாக்கு பொத்துப்போகிற சூடு. பில் போடும் இடத்தில் கொடி போட்ட காந்த ஒட்டிகள் தொங்கின. ஒன்று வாங்கிக்கொண்டேன். பேருந்து வர இருபது நிமிடம் இருந்தது. நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஈர மணல் பொத்தென்று விழுந்தது. நரி தூக்கிக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லை என்கிற நிலையில் இருந்தது அந்த ஷூ.